உப்பு வரி எதிர்ப்பு: கோகலேயின் கணக்கும் கடலூர்க் கடற்கரையும்

உப்பு வரி என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் விளைந்த உப்பின் மீதும், வெளியிலிருந்து வந்த உப்பின் மீதும் விதிக்கப்பட்ட வரி ஆகும். இது 1947ஆம் ஆண்டு வரை நடப்பில் இருந்தது. இவ்வரிக்கான எதிர்ப்பு என்றதும் 1930ஆம் ஆண்டின் தண்டி யாத்திரையும் வேதாரண்யம் யாத்திரையுமே மாணவர்களின் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே சட்டமன்றத்தில் எழுந்து நின்று, அரசின் வரவு செலவுக் கணக்கைக் கொண்டே இவ்வரி குறைக்கப்பட வேண்டியது என்று எடுத்துக்காட்டியவர் கோபால கிருஷ்ண கோகலே (1866–1915). அவர் பேசிய அடுத்த ஆண்டே வரி குறைந்தது. ஐந்து ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கியது.

ஏழைகள் மீதும் கிராமத்து மக்கள் மீதும் வரி எவ்வாறு பளுவாக இறங்குகிறது, அதை ஓர் அரசியல் தலைவர் எவ்வாறு எதிர்க்க முடியும் என்பதற்கு உப்பு வரி நல்ல பாடம். கடலூர், தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து தொடங்கி அதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவனாம்பட்டினமும் கம்பெனி ஆட்சியும்

கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள மீனவர் ஊர் தேவனாம்பட்டினம். இங்கிருந்த கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690ஆம் ஆண்டு செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் இங்கு மாறியது. 1752 வரை இங்கேயே இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இக்கோட்டையைப் பிடித்து இடித்தார்.

வணிகம் செய்ய வந்த கம்பெனி 1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு முழுவதற்கும் ஆட்சியாளர் ஆனது. தென்னார்க்காடு மாவட்டமும் அப்போது அதன் நேரடி ஆட்சிக்கு வந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில், அதாவது 1805இல், சென்னை மாகாணத்தில் உப்பு முழுவதையும் கம்பெனி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. உப்பளத்தில் பாடுபட்டவர் தாம் விளைவித்த உப்பைக் கம்பெனி வைத்த விலைக்குக் கம்பெனியிடமே கொடுக்க வேண்டும். கம்பெனி அதைப் பன்மடங்கு விலையில் மக்களுக்கு விற்றது. தென்னார்க்காட்டில் மரக்காணம் உப்பளங்கள் பெயர் பெற்றவை. அங்கு விளைந்த உப்பும் இந்த ஏற்பாட்டுக்கு உட்பட்டதே.

அருகில் இருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கிருந்து மலிவான உப்பு வந்தால் தனியுரிமை நிலைக்காது. ஆகவே 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், பிரெஞ்சுப் பகுதி மக்களின் தேவை போக எஞ்சிய உப்பை வாங்கும் உரிமையை ஆங்கிலேயர் தமக்கே பெற்றனர். அதற்காக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டனர். இவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்தாவது காக்க வேண்டிய வருவாயாக உப்பு இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதற்கு எதிரான குரலும் தமிழ்நாட்டில் முன்னமே எழுந்தது. கசுலு இலட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் 1852இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. நிலவரிக் கொடுமை, நெசவாளர் முதலிய தொழிலாளர் மீது விதித்த மொகதர்பா வரி ஆகியவற்றோடு உப்புத் தனியுரிமையும் அதில் குறையாகச் சொல்லப்பட்டது.

மீனவர் நிலை

கடலோர மக்களுக்கு உப்பு சோற்றுக்கு மட்டும் தேவையான பொருள் அன்று. பிடித்த மீன் அன்றே விற்காவிட்டால் அதை உப்பிட்டுக் கருவாடாக்க வேண்டும். உப்பின் விலை வரியால் ஏறியபோது, மீனின் விலையைவிட அதைப் பதப்படுத்தும் உப்பின் விலை கூடுதலாகும் நிலை வந்தது. மீன் கெட்டுப்போயிற்று, அல்லது அரைகுறை உப்பிலும் உவர்மண்ணிலும் பதப்படுத்தப்பட்டது. காலடியில் இருக்கும் உவர்மண்ணை வாரி எடுப்பதும் சட்டப்படி குற்றம்.

மீன்வளத்துறைத் தலைமை ஆய்வாளராக இருந்த பிரான்சிஸ் டே 1870களில் இந்திய மீன்பிடித் தொழிலைப் பற்றி எழுதிய அறிக்கையில் இந்நிலையை எடுத்துரைத்தார். அதன் பின்னர் சென்னை மாகாணக் கடற்கரையில் அரசின் மீன் உப்பிடும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் வேலிக்குள் மீனைக் கொண்டுவந்தால் வரியில்லாத உப்பு அடக்க விலைக்குக் கிடைக்கும். அந்த உப்பை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. வரி தொழிலையே கெடுக்கிறது என்பதை அரசு தானே ஒப்புக்கொண்டதற்கு இந்நிலையங்கள் சான்று. ஆனால் அதே மீனவர் வீட்டு அடுப்பங்கரைக்கு வாங்கும் உப்புக்கு முழு வரியும் கொடுத்தாக வேண்டியிருந்தது.

ஏழைக்கு ஏன் பளு? ஒரு கணக்கு

பொருளியல் பாடத்தில் வரிகளை மூவகையாகப் படிக்கிறோம். வருமானம் கூடக் கூட வரி வீதமும் கூடினால் அது வளர்வீத வரி. எல்லா வருமானத்துக்கும் ஒரே வீதம் என்றால் விகித வரி. வருமானம் குறைந்தவரிடம் கூடுதல் வீதம் போய்ச் சேர்ந்தால் அது தேய்வுவீத வரி. உப்பு வரி மூன்றாம் வகை. ஏனென்றால் செல்வரும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பையே உண்கின்றனர். கூலி வேலை செய்து வியர்வை சிந்துபவருக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும்.

1888 முதல் 1903 வரை ஒரு மணங்கு உப்புக்கு 2 ரூபாய் 8 அணா வரி. இங்கு மணங்கு என்பது அரசுக் கணக்கின்படி சுமார் 37 கிலோ (82 பவுண்டு). சென்னைப் பகுதியில் வழங்கிய 25 பவுண்டு மணங்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆண்டுக்கு ஒரு மணங்கு உப்பு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு ஏறக்குறைய 16 பவுண்டு ஆகும்.

அக்குடும்பத்தில் ஒருவர் நாளைக்கு 4 அணா கூலிக்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்தால் வருமானம் 60 ரூபாய். உப்பு வரி இரண்டரை ரூபாய், அதாவது 40 அணா. பத்து நாள் கூலி உப்பு வரிக்கே போகிறது. வருமானத்தில் இது 4 விழுக்காட்டுக்கும் மேல். ஆண்டுக்கு 10,000 ரூபாய் வருமானம் உள்ள மிராசுதார் வீட்டிலும் ஐந்து பேர் என்றால் அவரும் அதே இரண்டரை ரூபாய்தான் தருகிறார். அவருக்கு இது ஆயிரத்தில் கால் பங்கு, அதாவது 0.025 விழுக்காடு. இருவரும் கொடுக்கும் காசு ஒன்றே. ஆனால் கூலியாள் மீது விழும் பளு மிராசுதார் மீது விழுவதைப்போல் நூற்று அறுபது மடங்குக்கும் மேல்.

(கூலியும் வருமானமும் கணக்கை விளக்க எடுத்துக்கொண்டவை. வரி வீதம் உண்மையானது.)

வரி வீதத்தின் ஏற்ற இறக்கம்

ஒரு மணங்கு உப்புக்கு விதித்த வரி காலப்போக்கில் பின்வருமாறு மாறியது:

1882 – 2 ரூபாய்
1888 – 2 ரூபாய் 8 அணா
1903 – 2 ரூபாய்
1905 – 1 ரூபாய் 8 அணா
1907 – 1 ரூபாய்
1916 – 1 ரூபாய் 4 அணா
1923 – 2 ரூபாய் 8 அணா
1924 – 1 ரூபாய் 4 அணா
1931 – கால் பங்கு கூடுதல் வரி சேர்ந்து 1 ரூபாய் 9 அணா
1947 – நீக்கம்

1888இல் வரி ஏன் உயர்ந்தது என்பதை அறிந்தால்தான் கோகலேயின் வாதம் விளங்கும். அப்போது வெள்ளியின் விலை வீழ்ந்து, அதனால் வெள்ளி ரூபாயின் மதிப்பும் வீழ்ந்தது. இந்திய அரசு ஆண்டுதோறும் இலண்டனுக்குப் பவுனில் செலுத்த வேண்டிய தொகைக்குக் கூடுதல் ரூபாய் தேவைப்பட்டது. மேல்பர்மாவை 1886இல் இணைத்ததால் ஏற்பட்ட செலவும் சேர்ந்தது. பற்றாக்குறையை ஈடுகட்ட அரசு எட்டிய இடம் உப்பு.

கோகலேயின் எதிர்ப்பு

கோகலே இரத்தினகிரிப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். புனே பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பள்ளி மாணவர்களுக்கான எண்கணிதப் பாடநூலும் எழுதினார். கணக்கில் தேர்ந்த அந்த ஆசிரியர், பின்னர் வைசிராயின் சட்டமன்றத்துக்கு உறுப்பினராகச் சென்றார். அங்கு 1902 மார்ச் 26ஆம் நாள் முதன்முதலாக வரவு செலவுத் திட்டத்தின் மீது பேசினார். கர்சன் பிரபு அப்போது வைசிராய். எட்வர்டு லா நிதி உறுப்பினர்.

அக்கால விதிப்படி உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். அதன் மீது வாக்களிக்க முடியாது. ஆகவே வாதத்தின் வலிமை ஒன்றே கோகலேயின் கையில் இருந்த கருவி.

அந்த ஆண்டு அரசுக்குச் சுமார் 7 கோடி ரூபாய் உபரி. மற்ற உறுப்பினர்கள் நிதி உறுப்பினரைப் பாராட்டினர். கோகலே பாராட்ட மறுத்தார். 1896–97இலும் 1899–1900இலும் கொடும் பஞ்சங்கள் நாட்டை வாட்டின. மக்கள் வாடும்போது கருவூலம் நிறைகிறது என்றால், வரி தேவைக்கு மேல் வாங்கப்படுகிறது என்றே பொருள் என்று அவர் வாதிட்டார். ரூபாயின் மதிப்பு வீழ்ந்ததால் உயர்த்தப்பட்ட வரிகள், ரூபாய் 16 பென்சு அளவில் நிலைபெற்ற பிறகும் அப்படியே தொடர்கின்றன. உயர்த்தச் சொன்ன காரணம் போய்விட்டது, வரி மட்டும் நிற்கிறது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

உப்பைப் பற்றி அவர் காட்டிய கணக்கு எளிமையானது. உடல்நலத்துக்கு ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு உப்பு வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து. ஆனால் இந்தியாவில் சராசரி நுகர்வு 10 பவுண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. மக்கள் உப்பை விரும்பாமல் விடவில்லை. வாங்க முடியாமல் குறைக்கின்றனர். எனவே இவ்வரி காசை மட்டும் எடுக்கவில்லை, உணவையும் குறைக்கிறது. ஆடு மாடுகளுக்கு வைக்கும் உப்பும் குறைகிறது.

உப்பு வரிக் குறைப்போடு, வருமான வரி விலக்கின் வரம்பை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தவும், உள்நாட்டு ஆலைத் துணி மீதான வரியை நீக்கவும் அவர் கேட்டார். மூன்றும் ஏழைகளையும் நடுத்தர மக்களையும் தொடுபவை.

அரசின் வாதம்

அரசுத் தரப்பிலும் காரணங்கள் சொல்லப்பட்டன. ஆட்சிச் செலவில் எல்லாரும் ஒரு பங்கு தர வேண்டும். நிலமில்லாத ஏழை அரசுக்குக் கொடுப்பது உப்பு வரி ஒன்றே என்றனர். சிறிது சிறிதாக வாங்கும் பொருளில் வரி கலந்திருப்பதால் அது வலிப்பதில்லை என்றும் கூறினர். உப்பு வரியைத் திரட்டுவதும் எளிது.

இவ்வாதத்தில் ஒரு பகுதி உண்மை. ஏழைகள் எண்ணிக்கையில் மிகுதி. ஆகவே அவர்களிடம் சிறிது சிறிதாக வாங்கினாலும் பெருந்தொகை சேரும். ஆனால் ஏழை வேறு வரியே தருவதில்லை என்பது சரியன்று. உடுக்கும் துணியிலும், குத்தகை வழியாக நிலவரியிலும் அவர் பங்கு கலந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வரி வலிக்காது என்பதும் சரியன்று. அந்த வலி குறைந்துபோன நுகர்வில் தெரிந்தது.

விளைவு

1903இல் உப்பு வரி மணங்குக்கு 8 அணா குறைந்தது. அதே ஆண்டு வருமான வரி விலக்கின் வரம்பும் 1,000 ரூபாயாக உயர்ந்தது. கோகலே அத்துடன் நிறுத்தவில்லை. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் உப்பைப் பற்றிப் பேசிவந்தார். 1905இலும் 1907இலும் வரி மேலும் குறைந்தது. நம் கணக்கில் வந்த கூலிக் குடும்பத்துக்குப் பத்து நாள் கூலியாக இருந்த வரி நான்கு நாள் கூலியாயிற்று.

வரி இறங்க இறங்க உப்பின் நுகர்வு ஏறியது. ஆகவே அரசின் இழப்பில் ஒரு பகுதி தானே ஈடாயிற்று. மக்கள் வறுமையால்தான் உப்பைக் குறைத்தார்கள் என்ற கோகலேயின் கூற்று இதனால் மெய்யானது.

கோகலே ஒருவரால் மட்டுமே இது நடந்தது என்று சொல்வதற்கில்லை. காங்கிரசு மாநாடுகள் பல ஆண்டுகளாக இதை வலியுறுத்தின. ‘சுதேசமித்திரன்’ இதழை 1882இல் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் நாட்டின் வறுமையையும் வரிப் பளுவையும் பற்றி விரிவாக எழுதினார். 1897இல் இலண்டனில் வெல்பி ஆணையத்தின் முன் அவரும் கோகலேயும் சாட்சியம் அளித்தனர். அரசிடம் உபரியும் இருந்தது. உபரி இருந்த வேளையில் அதை யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டதே கோகலேயின் பங்கு.

1923: வாதம் தோற்ற ஆண்டு

முதல் உலகப் போருக்குப் பின் அரசுக்கு மீண்டும் பற்றாக்குறை. 1923இல் நிதி உறுப்பினர் பாசில் பிளாக்கெட் உப்பு வரியை இரட்டிப்பாக்கி 2 ரூபாய் 8 அணா ஆக்க முன்வந்தார். இப்போது மத்திய சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை இருந்தது. மன்றம் அவ்வுயர்வை நிராகரித்தது. ஆனால் வைசிராய் ரீடிங் பிரபு தம் சிறப்பு அதிகாரத்தால் அதற்குச் சான்றளித்துச் சட்டமாக்கினார். அடுத்த ஆண்டு வரி பழைய அளவுக்கே இறங்கியது. என்றாலும் மக்களின் பிரதிநிதிகள் மறுத்த வரியை ஒருவர் கையொப்பத்தால் விதிக்க முடியும் என்பது நாட்டுக்குத் தெரிந்துவிட்டது. சட்டமன்றத்துக்குள் நடந்த எதிர்ப்பு கடற்கரைக்கு நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1930: கடற்கரைப் போராட்டம்

கோகலேயைத் தம் அரசியல் குருவாகக் கொண்டவர் காந்தியடிகள். 1930 மார்ச் 2ஆம் நாள் வைசிராய் இர்வினுக்கு அவர் எழுதிய கடிதத்திலும் கணக்கே பேசியது. வைசிராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய். நாளைக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியரின் சராசரி வருமானம் நாளைக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு. ஏழையின் நோக்கில் உப்பு வரியே மிகக் கொடியது என்று அவர் எழுதினார். ஏப்ரல் 6ஆம் நாள் தண்டியில் உப்பை எடுத்தார்.

தமிழ்நாட்டில் இராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 30ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பெடுத்தனர். தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தோர்ன் அறிவித்தும் வழிநெடுக மக்கள் உணவளித்தனர்.

கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாளும் உப்பு அறப்போரில் பங்கேற்றவர். 1927இல் சென்னையில் நடந்த நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் தம் சிறு மகளோடு கலந்துகொண்டு சிறை சென்றவர். கைக்குழந்தையோடும் சிறையில் இருந்தவர். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோகலேயின் மன்றத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. உப்புப் பானையைக் கையாளும் பெண்கள் அவ்வரியைப் பற்றிப் பேசும் நிலை இவரைப் போன்றோரால் வந்தது.

1931 மார்ச் 5ஆம் நாள் காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில், உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊர்மக்கள் தம் வீட்டுத் தேவைக்கும் அவ்வூருக்குள் விற்கவும் உப்பெடுக்கலாம் என்று இசைவு கிடைத்தது. கடலோரச் சிற்றூர்களுக்கு இது நேரடிப் பயன். ஆனால் வரி நீங்கவில்லை. இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் 1947 பிப்ரவரி 28ஆம் நாள் அளித்த வரவு செலவுத் திட்டத்தில்தான் உப்பு வரி நீக்கம் அறிவிக்கப்பட்டது.

வரி இல்லாமல் ஆட்சி நடக்குமா?

வரியை எதிர்த்தவர்களே ஆட்சிக்கு வந்தபோது என்ன செய்தனர் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரான இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிற மாவட்டங்களுக்கும் அது விரிந்தபோது கள், சாராய வருவாய் குறைந்தது. அதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு இதுவே முன்னோடி. வணிகர்களும் எதிர்க்கட்சியினரும் இதை எதிர்த்தனர். வேதாரண்யத்தில் உப்பு வரியை எதிர்த்தவரே கடைப்பொருளுக்கு வரி விதித்தார் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் இவ்வரி வீதம் மிகச் சிறியது. சிறு வணிகர்களுக்கு விலக்கும் இருந்தது. கள்ளுக்கடையில் ஏழை இழந்த காசு வீட்டில் தங்கும் என்பது அவர் தரப்பு நியாயம். பொருள் எதுவானாலும் அதை வாங்கும் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே வீதம்தானே என்ற கேள்வியும் நியாயமானதே.

இன்றைய நிலை

2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் உப்புக்கு வரி இல்லை. அரிசி, பருப்பு முதலியவற்றில் நிலை சற்று வேறு. 2022 சூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு முகப்புச் சீட்டு ஒட்டிய அரிசி, மாவு, பருப்புக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. சில்லறையாக அளந்து விற்பதற்கு வரி இல்லை. வணிகர் அமைப்புகளும் எதிர்க்கட்சிகளும் இதை எதிர்த்தபோது, பெரும்பாலும் கோகலே காலத்துக் கேள்வியே மீண்டும் எழுந்தது.

புதிய வரி ஒன்றைப் பற்றி நாளிதழில் படிக்கும்போது மாணவர்கள் உப்பு வரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அப்பொருளை ஒரு குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு வாங்கும், அதற்கு எவ்வளவு வரி ஆகும் என்று முதலில் எழுதுக. அதை ஒரு கூலித் தொழிலாளியின் எத்தனை நாள் வருமானம் என்றும், மாதச் சம்பளக்காரரின் எத்தனை மணி நேர வருமானம் என்றும் வகுத்துப் பார்க்க. பிறகு அந்த வரியை விதிக்கச் சொன்ன காரணம் இன்னும் நிலைக்கிறதா என்று பார்க்க. 1902இல் கோகலே செய்தது இந்தக் கூட்டல் வகுத்தலையே. அதற்கு வேண்டிய எண்கள் அனைத்தும் அரசின் கணக்கேடுகளிலேயே இருந்தன.